கெலோ கேஸ்: அந்த பிங்க் வீட்டை எடுத்தது எந்த அரசாங்கம்?

அமெரிக்க அரசியலை பத்தி பேசுறப்ப நம்ம ஆளுங்ககிட்ட ஒரு ஷார்ட்கட் இருக்கும். கன்சர்வேட்டிவ்னா அரசாங்கம் சின்னதா இருக்கணும்னு சொல்றவன், லிபரல்னா அரசாங்கம் எல்லாத்துலயும் கை வைக்கணும்னு சொல்றவன், அவ்வளவுதான் மேட்டர் ஓவர். இந்த ஷார்ட்கட்டை மட்டும் வச்சுக்கிட்டு கெலோ கேஸுக்குள்ள போனீங்கன்னா பாதியிலயே குழம்பிடுவீங்க. கெலோ வெர்சஸ் சிட்டி ஆஃப் நியூ லண்டன், 2005ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5க்கு 4னு முடிச்ச கேஸ். ஒரு நர்ஸோட வீட்டை முனிசிபாலிட்டி எடுத்துக்கலாமா, அதுவும் ரோடு போடவோ ஸ்கூல் கட்டவோ இல்ல, வேற பிரைவேட் ஆளுங்க அங்க ஆபீஸும் மத்ததும் கட்டினா ஊருக்கு வரி ஜாஸ்தியா வரும்ங்கிறதுக்காக எடுக்கலாமா, இதான் கேள்வி. எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்படி சொன்ன 5 ஜட்ஜுல 3 பேர், கன்சர்வேட்டிவ் கட்சியான ரிபப்ளிகன் கட்சி ஜனாதிபதிங்க போட்டவங்க. ஸ்டீவன்ஸை போட்டது ஃபோர்டு, கென்னடியை போட்டது ரீகன், சூட்டரை போட்டது பெரிய புஷ்.

இது மட்டும்னா சரி, ஜட்ஜுங்க கட்சி மாறுறது சகஜம்னு விட்டுடலாம். ஆனா கேஸை மொதல்ல இருந்து பார்த்தா, கன்சர்வேட்டிவ் ஆளுங்க காலங்காலமா நல்லதுன்னு சொல்லிட்டு வந்த விஷயங்களே ஒவ்வொண்ணா வந்து அந்த வீட்டுக்காரம்மாவுக்கு எதிரா நின்னுருக்கு. எனக்கு இந்த கேஸ்ல பிடிச்ச இடமே அதுதான்.

ஊரோட நிலைமை

நியூ லண்டன், கனெக்டிகட் மாநிலத்துல கடலோரமா தேம்ஸ்னே பேர் வச்ச ஆத்து முகத்துல இருக்கிற சின்ன ஊர், 19ஆம் நூற்றாண்டுல திமிங்கல வேட்டைக்கு பேர்போன துறைமுகம். அப்புறம் நேவிய நம்பி வண்டி ஓடிச்சு. 1990லயே மாநில அரசு இதை நொடிஞ்சுபோன ஊருன்னு லிஸ்ட்ல சேர்த்துடுச்சு. 1996ல ஃபோர்ட் ட்ரம்புல்ங்கிற ஏரியால இருந்த நேவி ஆராய்ச்சி மையத்தை மூடினாங்க, 1,500க்கு மேல வேலை போச்சு. 1998ல வேலையில்லாதவங்க விகிதம் மாநில சராசரியை விட கிட்டத்தட்ட டபுள், ஜனத்தொகை 24,000க்கும் கீழ போயிடுச்சு, 1920க்கு அப்புறம் அவ்ளோ கம்மியானதே இல்ல.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். அமெரிக்கால சின்ன ஊர் நிர்வாகம் ஓடுறதே பெரும்பாலும் வீட்டு வரி, சொத்து வரியிலதான். ஸ்கூல், போலீஸ், ஃபயர் சர்வீஸ் எல்லாத்துக்கும் அங்கிருந்துதான் காசு. நியூ லண்டன்ல இடமே கொஞ்சம், அதுலயும் காலேஜ், கோஸ்ட் கார்டு அகாடமின்னு வரி கட்டாத இடங்க வேற நிறைய. அதனால வரி கட்டுற நிலத்துல ஒரு துண்டுல இருந்து எவ்ளோ கறக்கலாம்னுதான் எந்த கட்சிக்காரன் வந்தாலும் கணக்கு போடுவான். கெட்டவங்கனு இல்ல, அந்த நாற்காலில உக்காந்தா கணக்கு அப்படித்தான் வரும்.

இந்த நேரத்துலதான் 1998 பிப்ரவரில ஃபைசர் மருந்து கம்பெனி ஃபோர்ட் ட்ரம்புலுக்கு பக்கத்துலயே 300 மில்லியன் டாலர்ல ஆராய்ச்சி மையம் கட்டப்போறோம்னு அறிவிச்சது. அப்ப கவர்னர் ஜான் ரோலண்ட், ரிபப்ளிகன். மாநில அரசு பாண்ட் (கடன் பத்திரம்) போட்டு பிளானிங்குக்கு 5.35 மில்லியன், ஸ்டேட் பார்க்குக்கு 10 மில்லியன்னு ஒதுக்கிச்சு. (இந்த ரோலண்ட் பின்னாடி வேற ஊழல் கேஸ்ல மாட்டி, சுப்ரீம் கோர்ட்ல இந்த தீர்ப்பு வந்த அதே 2005ல ஜெயிலுக்கு போனாரு, அது தனி கதை.) ஊர்ல ஏற்கனவே பேருக்கு இருந்த நியூ லண்டன் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்ங்கிற அமைப்பை தூசி தட்டி எழுப்பினாங்க. அது பிரைவேட் அமைப்பு, லாப நோக்கம் இல்லாதது, அதோட போர்டை ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கல. அப்ப கனெக்டிகட் காலேஜ் பிரசிடெண்ட்டா இருந்த கிளேர் காடியானிதான் அதுக்கும் தலைவர்.

பிளான் என்னன்னா ஃபோர்ட் ட்ரம்புல்ல சுமார் 90 ஏக்கரை 7 பார்சலா பிரிச்சு ஹோட்டல், கான்ஃபரன்ஸ் சென்டர், கடைங்க, புது வீடுங்க, ஆபீஸ், படகு நிறுத்துற மரினா. அங்க 115 பிரைவேட் சொத்து இருந்துச்சு. முக்காவாசி பேர் வித்துட்டு போயிட்டாங்க. 9 பேர் மட்டும் 15 சொத்தோட நகர மாட்டோம்னு நின்னுட்டாங்க.

அதுல ஒருத்தங்கதான் சூசெட் கெலோ. ஆம்புலன்ஸ்ல வேலை பார்த்து அப்புறம் நர்ஸ் ஆனவங்க, 1997ல ஆத்தை பார்த்த மாதிரி ஒரு பழைய சின்ன வீட்டை வாங்கி அவங்களே சரிபண்ணி பிங்க் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. இன்னொரு வீட்டுல ஒரு பாட்டி, 1918ல அதே வீட்டுல பொறந்தவங்க, கல்யாணம் ஆகியும் அதே வீடுதான், வீட்டுக்காரரும் அங்க வந்து சுமார் 60 வருஷம். இந்த 15ல ஒண்ணு கூட பாழடைஞ்ச வீடுன்னு ஊர் நிர்வாகமே சொல்லல, பிளானுக்குள்ள வருது அதனால எடுக்கிறோம்னு மட்டும்தான் சொன்னாங்க. அதே ஏரியால அரசியல்வாதிங்க வந்துபோற இத்தாலியன் டிராமாட்டிக் கிளப்னு ஒரு கட்டடம் இருந்துச்சு, அதை மட்டும் இருந்துட்டு போகட்டும்னு விட்டுட்டாங்க. பாட்டி வீடு போகணும், கிளப்பு இருக்கலாம். பிளான்னா அப்படித்தான் போல!

2000 நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள், கெலோ வீட்டுக்கு நோட்டீஸ் வந்துச்சு.

சட்டத்துல என்ன இருக்கு

அமெரிக்க அரசியலமைப்புக்கு 1791ல வந்த அஞ்சாவது திருத்தத்துல கடைசில ஒரு சின்ன வரி இருக்கு, பொது உபயோகத்துக்காக பிரைவேட் சொத்தை எடுத்தா நியாயமான இழப்பீடு கொடுக்கணும்னு. மொதல்ல மத்திய அரசுக்கு மட்டும் இருந்தது, 1897ல இருந்து மாநிலங்களுக்கும் சேர்த்துதான். காசு கொடுக்கிறதுல இந்த கேஸ்ல தகராறே இல்ல, நகரம் கொடுக்க ரெடி. தகராறு "பொது உபயோகம்"ங்கிற இடத்துல.

1954ல பெர்மன் வெர்சஸ் பார்க்கர்னு ஒரு கேஸ். வாஷிங்டன்ல ஒரு ஏரியாவே ஸ்லம்னு சொல்லி மொத்தமா கிளியர் பண்ணாங்க, அதுக்கு நடுவுல நல்லா ஓடிட்டு இருந்த ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்துச்சு, அதையும் எடுத்து பிரைவேட் டெவலப்பருக்கு கொடுக்கலாம்னு கோர்ட் ஒருமனதா சொல்லிடுச்சு. 1984ல ஹவாய் கேஸ், அங்க பிரைவேட் நிலத்துல பெரும்பகுதி சில பெரிய முதலாளிங்ககிட்டயே இருந்துச்சு, அதை எடுத்து குத்தகைக்காரங்களுக்கே விக்கலாம்னு அதுவும் ஒருமனதா. ரெண்டுலயும் "உபயோகம்" மெல்ல "பொது நன்மை"யா மாறிடுச்சு, எது பொது நன்மைங்கிறதை சட்டசபைதான் முடிவு பண்ணணும், ஜட்ஜு மூக்கை நுழைக்க கூடாதுன்னு ஆயிடுச்சு. ஹவாய் தீர்ப்பை எழுதினது யாருன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, சாண்ட்ரா டே ஓகானர், ரீகன் போட்டவங்க, அரிசோனால மாட்டுப்பண்ணைல வளர்ந்தவங்க.

நடுவுல 1981ல டெட்ராய்ட்ல போல்டவுன்ங்கிற குடியிருப்பு ஏரியா. ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரிக்காக 4,000 பேருக்கு மேல வீட்டை விட்டு போனாங்க, சர்ச்செல்லாம் இடிச்சாங்க, மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் ஓகே சொல்லிச்சு. 2004ல அதே கோர்ட் வேற ஒரு கேஸ்ல, நாங்க அப்ப சொன்னது தப்புன்னு அதை ரத்து பண்ணிடுச்சு. கெலோ கேஸ் மேல போற நேரம் இது, அதனால வீட்டுக்காரங்க பக்கம் நல்ல நம்பிக்கை.

கோர்ட்டுல

இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ்னு 1991ல ஆரம்பிச்ச லிபர்டேரியன் (தனி மனுஷ சுதந்திரம்தான் முக்கியம்னு சொல்ற) வக்கீல் அமைப்பு காசு வாங்காம கேஸை எடுத்துச்சு. 2002ல கீழ்க்கோர்ட் பாதி பாதியா தீர்ப்பு சொல்லிச்சு, 11 சொத்து இருந்த பார்சலை எடுக்க கூடாது, 4 சொத்து இருந்த பார்சலை எடுக்கலாம்னு. காரணம் ரொம்ப சிம்பிள், அந்த 11 இருந்த இடத்துல என்ன வரப்போகுதுன்னு பிளான்லயே தெளிவா இல்ல, பார்க்குக்கு சப்போர்ட்டா ஏதோ ஒண்ணுன்னு போட்டு வச்சிருந்தாங்க. 2004ல கனெக்டிகட் சுப்ரீம் கோர்ட் 4க்கு 3னு எல்லாத்தையும் எடுக்கலாம்னுடுச்சு.

2005 பிப்ரவரி 22, வாஷிங்டன்ல வாதம். தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் கேன்சரால வரல, ஸ்டீவன்ஸும் அன்னிக்கு இல்ல, அதனால ஓகானர்தான் நடுநாயகமா உக்காந்தாங்க. மோட்டல் 6னு ஒரு சீப்பான லாட்ஜ் இருக்கு, அதை எடுத்து ரிட்ஸ்-கார்ல்டன் மாதிரி ஆடம்பர ஹோட்டலுக்கு கொடுத்தா வரி ஜாஸ்தி வரும்னா அது சரியான்னு கேட்டாங்க. நகரத்து வக்கீல் சரிதான்னு சொல்லிட்டாரு. இன்னொரு ஜட்ஜு ஸ்கேலியா விடாம, அப்ப அ கிட்ட இருந்து புடுங்கி, கூட வரி கட்டுற ஆ கிட்ட கொடுக்கலாமான்னு கேட்க, தொகை பெருசா இருந்தா கொடுக்கலாம்னு பதில். வக்கீல் மேல தப்பு சொல்ல முடியாது, நேர்மையா சொன்னாரு, அவரோட வாதம் போய் நிக்கிற இடமே அதுதான்.

ஜூன் 23 தீர்ப்பு. ஸ்டீவன்ஸ் எழுதினார். பொருளாதார வளர்ச்சியும் பொது நன்மைதான், நகரம் யோசிச்சு முழுசா ஒரு பிளான் போட்டிருக்கு, அந்த பிளான் ஜெயிக்குமா தோக்குமான்னு பார்க்கிறது கோர்ட் வேலை இல்ல, எந்த மாநிலத்துக்காவது இது பிடிக்கலன்னா அவங்க தனியா கடுமையா சட்டம் போட்டுக்கட்டும், யாரும் தடுக்கல. கென்னடி தனியா எழுதினதுல, பொது நன்மைன்னு சும்மா பேருக்கு சொல்லிட்டு குறிப்பிட்ட ஒரு ஆளுக்கு லாபம் பண்ணி கொடுக்கிறதா இருந்தா கோர்ட் தலையிடலாம்னு ஒரு ஜன்னலை திறந்து வச்சார்.

இப்ப இதை கொஞ்சம் நிதானமா படிங்க. ஜட்ஜுங்க சட்டம் பண்ண கூடாது, மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுங்க முடிவுல தலையிட கூடாதுன்னு 1960கள்ல இருந்து கத்திட்டு இருந்தது யாரு? கன்சர்வேட்டிவ் பக்கம். வாஷிங்டன்ல உக்காந்துட்டு ஒவ்வொரு ஊருக்கும் முடிவு எடுக்க கூடாது, ஊர்க்காரனுக்குத்தான் ஊரை பத்தி தெரியும்னு சொன்னது? அவங்கதான். கம்பெனி வந்தாதான் வேலை வரும், அரசாங்கம் அதுக்கு வழிவிடணும்? அதுவும் அவங்கதான். ஸ்டீவன்ஸ் தீர்ப்புல இந்த மூணுமே இருக்கு. லிபரல்னு பேர் எடுத்த ஜட்ஜு, கன்சர்வேட்டிவ் டயலாக்கையே பேசி, ஒரு தனி மனுஷியோட வீட்டை எடுத்துக்க சொல்லிட்டாரு.

எதிர்த்து எழுதின ஓகானர் தன்னோட சொந்த ஹவாய் தீர்ப்புல இருந்தே தப்பிச்சு வர வேண்டியிருந்துச்சு, அதுல தேவைக்கு மேல பெருசா பேசிட்டோம்ங்கிற மாதிரி ஒத்துக்கிட்டு, ஆனா அங்க நிலம் சிலர்கிட்டயே குவிஞ்சு கிடந்தது ஊருக்கே கேடா இருந்துச்சு, இங்க கெலோ வீட்டால யாருக்கு என்ன கேடுன்னு கேட்டாங்க. இந்த தீர்ப்புபடி போனா எந்த வீட்டையும் ஷாப்பிங் மாலுக்கும், எந்த வயலையும் ஃபேக்டரிக்கும் கொடுத்துடலாம், லாபம் யாருக்கு போகும்னா செல்வாக்கு இருக்கிறவங்களுக்குத்தான், பெரிய கம்பெனிகளும் டெவலப்பருங்களும் அதுல வருவாங்கன்னு எழுதினாங்க. சரியான கேள்வி, ஆனா குழிய தோண்டினதுல அவங்க கையும் இருக்கு, அதை மறைக்க முடியாது.

ஜட்ஜு தாமஸ் எதிர்த்து தனியா எழுதினதுதான் எனக்கு இன்னும் மறக்கல. கோர்ட்லயே தீவிர கன்சர்வேட்டிவ், 1791ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அதுதான் இன்னிக்கும்னு பிடிவாதம் பிடிக்கிறவர். உபயோகம்னா உபயோகம்தான், ஜனங்க அதை பயன்படுத்தணும்னு ஆரம்பிச்சவர், கடைசில நேரா வர்க்கத்துக்கும் நிறத்துக்கும் வந்துட்டார். பெர்மன் கேஸ்ல கிளியர் பண்ண ஏரியால வெளியேத்தப்பட்டவங்கள்ல 97 சதவீதத்துக்கு மேல கறுப்பினத்தவங்கன்னு கணக்கு கொடுத்து, இந்த மாதிரி அதிகாரம் எப்பவும் ஏழைங்க மேலதான் வந்து விழும், ஏன்னா அவங்க நிலத்துலதான் வரி கம்மி, அவங்களுக்குத்தான் அரசியல்ல சத்தம் கம்மின்னு சொன்னார். கெலோ பக்கம் மனு போட்டவங்கள்ல கறுப்பினத்தவங்களோட என்ஏஏசிபியும் முதியோர் அமைப்பான ஏஏஆர்பியும் இருந்தது சும்மா இல்ல.

அப்புறம் நடந்தது

நாடே கொதிச்சுப்போச்சு. கன்சர்வேட்டிவ் ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பாவும் இடதுசாரி நுகர்வோர் போராளி ரால்ஃப் நேடரும் ஒரே பக்கம் நின்ன விஷயம் வேற எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. ஒரே வாரத்துல பிரதிநிதிகள் சபை 365க்கு 33னு கண்டன தீர்மானம் போட்டுச்சு. நவம்பர்ல, இப்படி எடுக்கிற ஊருக்கு மத்திய அரசு காசை நிறுத்துற மசோதா 376க்கு 38ல பாஸ் ஆச்சு, செனட்ல போய் அப்படியே படுத்துடுச்சு. அதுக்குள்ள ஒருத்தர், சூட்டரோட நியூ ஹாம்ப்ஷர் வீட்டை எடுத்து அங்க லாஸ்ட் லிபர்ட்டி ஹோட்டல் கட்டணும்னு அவரோட ஊருக்கே மனு கொடுத்தார். சிரிப்புதான், ஆனா ஊர்க்காரங்க 2006ல ஓட்டு போட்டு வேண்டாம்னுட்டாங்க.

உண்மையான வேலை மாநிலங்கள்லதான் நடந்துச்சு. 40க்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் மாத்துச்சு. ஃப்ளோரிடா மாதிரி சில இடத்துல நிஜமாவே பூட்டு போட்டாங்க, ஓஹையோ சுப்ரீம் கோர்ட் 2006ல பொருளாதார லாபத்துக்காக மட்டும் எடுக்க முடியாதுன்னு ஒருமனதா சொல்லிடுச்சு. ஆனா நிறைய மாநில சட்டம் கண்துடைப்பு, "சீரழிஞ்ச ஏரியா"ன்னா எடுக்கலாம்னு ஒரு ஓட்டையை விட்டு, சீரழிவுன்னா என்னங்கிறதை ரப்பர் மாதிரி இழுக்குற அளவுக்கு எழுதி வச்சிருக்காங்க. நியூயார்க் எதையுமே மாத்தல, அங்க 2009லயும் 2010லயும் புரூக்ளின் ஸ்டேடியத்துக்கும் கொலம்பியா யுனிவர்சிட்டிக்கும் நிலம் எடுத்தது சரின்னு மாநில உயர்ந்த கோர்ட் சொல்லிச்சு.

ஸ்டீவன்ஸ் மாநிலங்க பார்த்துக்கட்டும்னு சொன்னது அந்த அளவுக்கு வேலை செஞ்சுது, அதை நியாயமா ஒத்துக்கணும். ஆனா ஒரு கேள்வி பாக்கி. நியூயார்க்ல வீடு வச்சிருக்கவனுக்கும் அரசியலமைப்பு அதேதானே?

ரிபப்ளிகன் கட்சிக்குள்ள இதுல ஒத்த கருத்தே கிடையாது. சின்ன புஷ், கெலோ தீர்ப்பு வந்து சரியா ஒரு வருஷம் ஆன நாள்ல, 2006 ஜூன் 23, பிரைவேட் லாபத்துக்காக மத்திய அரசு நிலம் எடுக்க கூடாதுன்னு ஆர்டர் போட்டார். டிரம்ப் 2005லயே டிவில இந்த தீர்ப்போட நூறு சதவீதம் ஒத்துப்போறேன்னு சொன்னவர். அவருக்கு காரணம் இருந்துச்சு, 1990கள்ல அட்லாண்டிக் சிட்டில அவரோட கேசினோவுக்கு பக்கத்துல இருந்த ஒரு விதவை அம்மா வீட்டை, லிமோசின் நிறுத்துற இடத்துக்காக அரசு அமைப்பு எடுக்க பார்த்துச்சு, 1998ல கோர்ட் முடியாதுன்னுடுச்சு. அந்த அம்மாவுக்கு வாதாடினதும் இதே இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ்தான். 2016 பிப்ரவரில ரிபப்ளிகன் ஜனாதிபதி வேட்பாளர் போட்டிக்கான டிபேட்ல சின்ன புஷ்ஷோட தம்பி ஜெப் புஷ் இதை எடுத்து டிரம்பை குத்தினார், டிரம்ப் இந்த அதிகாரம் இல்லாம நாட்டுல ரோடே வராதுன்னு பதில் சொன்னார், ஓட்டுல எந்த சேதமும் ஆகல. அப்புறம் டெக்சாஸ்ல எல்லை சுவருக்காக ஆத்தங்கரை நிலக்காரங்க மேல மத்திய அரசே கேஸ் போட்டுச்சு, சுவர் வேணும்னு கேட்ட ஆளுங்கள்ல எத்தனை பேர் அந்த நிலக்காரங்களுக்காக பேசினாங்கனு பார்த்தா கடுப்புதான் வருது.

சரி, நியூ லண்டன். கெலோ 2006ல செட்டில் பண்ணிட்டாங்க, 4 லட்சம் டாலருக்கு மேல கிடைச்சது. பாட்டி 2006 மார்ச்ல, வெளியேத்துறதுக்கு முன்னாடியே, அதே வீட்டுல இருந்தபடியே போய் சேர்ந்துட்டாங்க. பிங்க் வீட்டை ஒருத்தர் ஒரு டாலருக்கு வாங்கி பிரிச்சு எடுத்துட்டு போய் ஊருக்குள்ள வேற தெருவுல திரும்ப கட்டினார். ஹோட்டல் கட்ட வந்த டெவலப்பருக்கு ஃபைனான்ஸ் கிடைக்கல, திட்டம் படுத்துடுச்சு. 2009 நவம்பர்ல ஃபைசர் நாங்க கிளம்புறோம்னு சொல்லி, ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற க்ராட்டனுக்கு ஆளுங்களை மாத்திடுச்சு, அதுக்கு கொடுத்திருந்த வரிச்சலுகை முடியப்போற நேரம் பார்த்து. 300 மில்லியன்னு பேசின அந்த கட்டடத்தை 2010ல நீர்மூழ்கி கட்டுற எலக்ட்ரிக் போட் 55 மில்லியனுக்கு வாங்கிடுச்சு. வீடுங்க இருந்த இடம் பத்து வருஷத்துக்கு மேல புல்லு மண்டி கிடந்துச்சு, தெருப்பூனைங்க குடியிருந்துச்சு, 2011ல ஐரீன் புயலுக்கு அப்புறம் முறிஞ்ச மரம் மட்டையை கொண்டுவந்து கொட்ட சொன்ன இடம் அதுதான்.

இதை வச்சு, பார்த்தியா அரசாங்கம்னாலே இப்படித்தான்னு சிலர் கதையை முடிப்பாங்க. நான் அங்க ஒத்துக்க மாட்டேன். பிளான் ஜெயிச்சு, ஹோட்டல் நிறைஞ்சு வழிஞ்சிருந்தா பாட்டி வீட்டை எடுத்தது சரியாயிடுமா? ஆகாது. அதேமாதிரி நிலம் எடுக்கிற அதிகாரமே கூடாதுன்னா ரயில்வே லைன் ஒண்ணு கூட வந்திருக்காது. இங்க கோளாறு அளவுல இல்ல. நியூ லண்டன் அரசாங்கம் சின்னது, பக்கத்துலயே இருக்கு, மேயரை கடைத்தெருவுல பார்க்கலாம். அந்த மாதிரி அரசாங்கம்தான் ஒரு பெரிய கம்பெனி வந்ததும் ரொம்ப சுலபமா சாயும், ஏன்னா அதுக்கு வேற வருமானம் இல்ல. 9 குடும்பத்துக்கு அந்த ஊர்ல எப்பவும் மெஜாரிட்டி கிடைக்காது, அவங்களுக்கு மிச்சம் இருந்தது தூரத்துல இருக்கிற கோர்ட் மட்டும், அந்த கோர்ட் ஊர் பிளானை மதிக்கிறோம்னு ஒதுங்கிடுச்சு. ஊராட்சியும் தனி மனுஷ சுதந்திரமும் ஒரே பக்கம்னு நினைச்சுட்டு இருக்கிற கன்சர்வேட்டிவ் நண்பர்கள் இந்த இடத்தை தாண்டாம பேசுறதுல அர்த்தமே இல்ல.

2011ல ஸ்டீவன்ஸ் ஒரு பேச்சுல, பழைய கேஸ் சிலதை தான் தப்பா படிச்சுட்டதா, அது சங்கடமான தவறுன்னு ஒத்துக்கிட்டார், ஆனா தீர்ப்பு சரிதான்னே நின்னார். 2021ல இன்னொரு வாய்ப்பு வந்துச்சு. சிகாகோல ஒரு சாக்லேட் ஃபேக்டரிக்கு இடம் வேணும்னு பக்கத்து நிலத்தை நகரம் எடுத்துச்சு, நிலக்காரர் டெமாக்ரட் கட்சிக்கு பெரிய தொகை கொடுக்கிற மீடியா முதலாளி. அவர்தான் கெலோ தீர்ப்பை ரத்து பண்ணுங்கன்னு சுப்ரீம் கோர்ட் படி ஏறினார். கேஸை எடுக்க 4 ஓட்டு வேணும். கன்சர்வேட்டிவ் ஜட்ஜுங்க 6 பேர் உக்காந்திருந்த கோர்ட்ல தாமஸ், கோர்சச், கவனா மூணு பேர்தான் எடுக்கலாம்னாங்க, மனு தள்ளுபடி.